தாய்ச்செடித் தேயிலை 180 வெள்ளிக்குக் கிடைக்குமா?

கேள்வி: என் கணவரின் மேலதிகாரி சீனர், தேநீர்ப் பிரியர். அவர் பணி ஓய்வு பெறும் நாளில் கொடுக்கலாம் என்று 'தா ஹொங் பாவ்' என்ற ஊலோங் தேயிலை 50 கிராம் வாங்கினேன். 180 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). "350 வருஷத்துத் தாய்ச்செடியிலிருந்து இந்த வசந்தத்தில் பறித்தது" என்றார் கடைக்காரர். ஏமாந்துவிட்டேன் என்கிறான் என் மகன். உண்மையா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
– ஒரு வாசகி, சிங்கப்பூர்

பதில்: மகன் சொல்வதுதான் சரி. ஆனால் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருப்பது நல்ல தேயிலையாகவே இருக்கலாம்.

தாய்ச்செடிகள் இருப்பது நிஜம். சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தில், வூயி மலையின் ஜியூலோங்கே பள்ளத்தாக்கில், செங்குத்துப் பாறையின் பாதி உயரத்தில் கல் அடுக்கிக் கட்டிய சின்னத் திட்டில் ஆறு செடிகள் நிற்கின்றன. பக்கத்துப் பாறையிலேயே 'தா ஹொங் பாவ்' என்ற பெயரைச் சிவப்பு எழுத்தில் செதுக்கியிருக்கிறார்கள். 'பெரிய சிவப்பு அங்கி' என்று பொருள். அவற்றில் கடைசியாக இலை பறித்தது 2005-இல். மறு வருடமே உள்ளூர் நிர்வாகம் பறிப்புக்குத் தடை போட்டுவிட்டது. அந்தக் கடைசிப் பறிப்பில் 20 கிராம் பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. 2005-இல் நடந்த ஒரு ஏலத்தில் தாய்ச்செடித் தேயிலை 20 கிராம் 2,08,000 யுவானுக்கு விலைபோனது. அந்தக் கணக்கில் உங்கள் 50 கிராமுக்கு 5,20,000 யுவான் ஆகும். 180 வெள்ளிக்கு எந்த வள்ளல் கொடுப்பார்?

அப்படியானால் கடைகளில் விற்பதெல்லாம் என்ன? இரண்டு வகை. தாய்ச்செடியின் கிளையை வெட்டி நட்டு வளர்த்த செடிகளின் இலை ஒன்று. தேயிலை வேறு செடியின் மகரந்தம் சேர்ந்து காய்ப்பது. விதை போட்டால் தாயின் குணம் அப்படியே வராது. அதனால்தான் கிளை நடவு. 2012-இல் ஃபூஜியான் மாநிலம் இதைத் தனி ரகமாக அங்கீகரித்தது. இரண்டாவது வகை கலவை: ரோகுய், ஷுய் சியென் போன்ற வூயி மலை ரகங்களைச் சேர்த்து அதே பெயரில் விற்பது. சந்தையில் பெரும்பாலும் இதுதான். இது கலப்படம் அல்ல, அங்கே ஊரறிந்த வழக்கம். எது என்று கேட்டால் மழுப்பாமல் சொல்கிற கடைதான் நல்ல கடை.

விலையை ஏற்றுவது செடியின் வயதைவிட அது நிற்கும் இடம். வூயி மலை செம்மணற்பாறை மலை. பாறைகளுக்கு நடுவே குறுகலான பள்ளங்கள். அங்கே காலையும் மாலையும் வெயில் எட்டாது. பாறையிலிருந்து கசியும் நீர், எப்போதும் ஒரு ஈரப்பதம். கல் கட்டி மண் நிரப்பிய சின்னச் சின்னப் படிகளில் செடி நிற்கிறது. மண்ணோ பாறை உதிர்ந்த சரளை. மழைத் தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடும். இப்படிப்பட்ட உட்பகுதியில் விளைந்ததை 'ஜெங்யான்', அசல் பாறைத் தேயிலை என்பார்கள். அதைச் சுற்றியுள்ள சரிவில் விளைந்தது 'பான்யான்', அரைப் பாறை. ஆற்றோரச் சமவெளியில் விளைந்தது 'ஜோ சா'. பெட்டியில் ஒரே பெயர் இருந்தாலும் விலையில் பல மடங்கு வித்தியாசம் வருவது இதனால்தான். அதிலும் நியூலான்கெங் என்ற ஒரு பள்ளத்தின் ரோகுய்க்கு இருக்கும் மவுசு கொஞ்சம் அதிகப்படி என்பது என் அபிப்பிராயம். அங்கே விளைவதைவிட அதிகமாகத்தான் உலகத்தில் விற்கிறது!

மீதி வேலை மனிதருடையது. வசந்தத்தில், பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை, மூன்று நான்கு இலைகள் விரிந்த பிறகு பறிக்கிறார்கள். வாட வைத்து, மூங்கில் தட்டில் குலுக்குவதும் ஆறப் போடுவதுமாக இரவு முழுக்க மாறி மாறிச் செய்கிறார்கள். குலுங்கும்போது இலையின் ஓரம் நசுங்கிச் சிவக்கிறது, நடு பச்சையாகவே இருக்கிறது. பிறகு சூடான வாணலியில் வதக்கி, உருட்டி, உலர்த்தி, மாதக்கணக்கில் இடைவெளி விட்டுக் கரி நெருப்பில் வாட்டுகிறார்கள்.

இனி பணம். தேயிலை சுமாரா என்பது வழக்கல்ல. 'தாய்ச்செடி' என்ற சொல்தான் வழக்கு. அது பெட்டியிலோ ரசீதிலோ கடையோடு பேசிய குறுஞ்செய்தியிலோ இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைப் பிரிக்காமல் கடைக்குப் போய் 2006 தடையைச் சொல்லிக் கேளுங்கள். மசியாவிட்டால் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் செய்யலாம். பொய் சொல்லி விற்பது சிங்கப்பூரில் நியாய வணிகச் சட்டப்படி தவறு. அதற்கும் மேலே சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் போகவேண்டும். உங்களுடையது போன்ற சிறிய தொகைக்குப் பயனீட்டாளர் கட்டும் கட்டணம் 10 வெள்ளிதான். வாய்ப்பேச்சு மட்டும்தான் என்றால் கொஞ்சம் கஷ்டம். வேறு தேயிலை மாற்றித் தரச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: தா ஹொங் பாவ் தேயிலையை 8 கிராம் பொட்டலமாக வாங்கினேன். பானையில் போட்டு ஐந்து நிமிடம் ஊறவைத்துப் பால் ஊற்றினேன். கஷாயம்போல் இருக்கிறது. ஏமாற்று வேலையா?
– ஒரு வாசகர், கிள்ளான்

பதில்: ஏமாற்று இல்லை, ஊறல்தான் அதிகம். அந்த 8 கிராம் ஒரு சின்ன மூடிக்கிண்ணத்துக்கு ஒரு தடவை போடும் அளவு. கொதிக்கக் கொதிக்க நீர் ஊற்றிப் பத்துப் பதினைந்து விநாடியில் வடித்துவிடுங்கள். அதே இலையில் ஏழெட்டு முறை ஊற்றலாம். பின்னால் போகப்போக நேரத்தைக் கூட்டுங்கள். பால் வேண்டாம். நீங்கள் கடையில் கேட்கும் 'தே', நாம் எழுதும் 'தேயிலை'யின் 'தே' எல்லாமே இந்த ஃபூஜியான் மாநிலத்துப் பேச்சிலிருந்து கிளம்பிய சொல்தான். அது பிறந்த ஊரில் இந்தத் தேநீருக்குப் பால் ஊற்றுவதில்லை.

குடித்து முடித்ததும் இலையை வெள்ளைத் தட்டில் விரித்துப் பாருங்கள். மிதமாக வாட்டியதென்றால் ஓரம் செம்பழுப்பாகவும் நடு பச்சையாகவும் தெரியும். நன்றாக வாட்டியதென்றால் கருத்து, முதுகில் தேரைத் தோல்போலச் சிறு புடைப்புகள் இருக்கும். விரியவே விரியாமல் கரித்துண்டாகக் கிடந்தால், மட்டமான இலையைத் தீய்த்து மறைத்திருக்கிறார்கள். அடுத்த முறை வேறு கடை.