மூலிகை ஆராய்ச்சிதான் வேண்டும் என்கிறாள் மகள்: எதில் சேர்ப்பது?

பிளஸ் டூ முடித்த மகள் மூலிகை மருந்து ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நீட் தேர்வில் தகுதி மதிப்பெண் வந்திருக்கிறது, ஆனால் எம்.பி.பி.எஸ். இடத்துக்கு அது போதாது; "இலை தழையை அரைத்துப் பார்க்கிறவளுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சொந்தக்காரர்கள் கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அம்மா.

புதிய மருந்தைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கும் இடங்கள் நம் நாட்டில் குறைவு. லேபிளில் எழுதிய மூலிகைதான் புட்டிக்குள் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது, அதோடு ஈயமும் பூச்சிமருந்தும் எவ்வளவு கலந்து வந்திருக்கின்றன என்று சோதித்துச் சொல்பவருக்கு வேலை கொடுக்கும் இடங்கள் அதைவிடப் பல மடங்கு. உங்கள் மகள் கனவு காண்பது முதல் வேலையை. சம்பளம் வாங்கப்போவது பெரும்பாலும் இரண்டாவதில். இரண்டுக்கும் வேண்டிய கைத்தேர்ச்சி ஒன்றுதான், அதில் பெரும்பங்கு வேதியியல். செடி பிடிக்கும், வேதியியல் கசக்கும் என்று அவள் சொன்னால் தோட்டக்கலை, வேளாண்மைப் படிப்புகளைப் பாருங்கள். இதை இப்போதே அவளிடம் உடைத்துப் பேசிவிடுவது நல்லது.

இந்தத் துறை எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ள நம் ஊர்க் கீழாநெல்லியின் கதையே போதும். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்த வைத்தியம். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி.தியாகராஜன் தலைமையிலான குழு அதைச் சோதித்தது. கல்லீரலைத் தாக்கிக் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி பற்றிய கண்டுபிடிப்புக்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பெர்க்கும் அந்த ஆய்வில் சேர்ந்திருந்தார். கிருமியை உடலில் சுமப்பவர்களில் ஒரு சாராருக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி, இன்னொரு சாராருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. மற்ற 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. 1988-இல் லான்செட் இதழில் இந்த முடிவு வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் அதே செடியை வைத்துச் சோதித்தார்கள். அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடி வளர்ந்த மண்ணா, பறித்த பருவமா, பொடிக்குள் இருந்த வேதிப்பொருளின் அளவு ஊருக்கு ஊர் மாறியதா என்று பல காரணங்களை விவாதித்தார்கள். சித்த வைத்தியத்தைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. ஒருவர் கண்டதை இன்னொருவர் இன்னோர் ஊரில் செய்து பார்த்து, அங்கேயும் அதே பலன் வந்தால்தான் அந்த முடிவு நிற்கும் என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. முடிவு விழுந்தாலும் அடுத்த நாள் காலையில் ஆய்வகத்துக்கு வரக்கூடிய மனம் உங்கள் மகளுக்கு இருக்கிறதா என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். மதிப்பெண் பட்டியலில் அது தெரியாது.

கீழாநெல்லியிலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் கட்டாக வாங்கும் செடி உண்மையிலேயே அதுதானா? அதன் தங்கை முறையில் உள்ள செடி ஒன்று அதே வயல் வரப்பில் முளைக்கும். கிளையைத் திருப்பிப் பாருங்கள். கீழாநெல்லியின் காய் வழவழப்பாக, சிறு காம்பில் தொங்கும். மற்றதன் காய் சொரசொரப்பாக, காம்பே இல்லாததுபோல் தண்டோடு ஒட்டியிருக்கும். செடியில் செம்மை ஓடும். காய்ந்து பொடியான பிறகு கண்ணால் பிரிக்க முடியாது. அதனால்தான் ஆராய்ச்சிக்கு எடுத்த செடியின் மாதிரியைத் தாளில் அழுத்தி உலர்த்தி, கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் அளவைத் துறை நிலையத்திலோ திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவர நிலையத்திலோ காட்டி, பெயரை உறுதிசெய்து எண் வாங்க வேண்டும். அந்த எண் இல்லாத ஆய்வேட்டை நான் இரண்டாம் பக்கத்துக்கு மேல் படிப்பதில்லை.

ஆய்வகத்தில் முதல் சில வாரங்கள் சலிப்பாகத்தான் இருக்கும். செடியை நிழலில் உலர்த்தி, இடித்து, சலித்து, சாக்ஸ்லெட் என்னும் கண்ணாடிக் கருவியில் எத்தனால் ஊற்றி மணிக்கணக்கில் கொதிக்கவிடுவார்கள். கரைப்பானை ஆவியாக்கியதும் குடுவையின் அடியில் கரும்பச்சைப் பிசின் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடைபோட்டுக் குறிப்பேட்டில் எழுதிய பிறகுதான் சோதனை தொடங்கும். டி.பி.பி.எச். என்ற ஊதாநிறக் கரைசலில் சாற்றை விட்டால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்பதை 517 நானோமீட்டர் ஒளியில் கருவி காட்டும். இதை மட்டும் வைத்துக்கொண்டு "ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு ஆற்றல் நிரூபணம்" என்று தலைப்பிட்டு வரும் கட்டுரைகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. டீத்தூளைக் கொதிக்கவைத்து ஊற்றினாலும் அந்த ஊதா மஞ்சளாகும். சோதனைக் குழாயில் நடந்தது உடம்புக்குள்ளும் நடக்குமா என்பதற்கு அதில் விடை கிடையாது. கிருமி எதிர்ப்புச் சோதனையும் அப்படித்தான். கிருமி வளரும் தட்டில் குழி வெட்டிச் சாற்றை ஊற்றி, மறுநாள் சுற்றிலும் கிருமி வளராத வட்டத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளப்பார்கள். பக்கத்துக் குழியில் வெறும் கரைப்பானை ஊற்றிப் பார்க்காமல் விட்டால், கிருமியைக் கொன்றது மூலிகையா எத்தனாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

எதிர்பார்த்தது வராதபோது கண்ணைத் திறந்து வைத்திருப்பவருக்கு வேறொன்று கிடைப்பதும் உண்டு. நம் ஊர்ச் சுடுகாட்டு ஓரங்களில் பூக்கும் நித்தியகல்யாணியைச் சர்க்கரை நோய்க்குக் குணம் தருமா என்று கனடாவில் ராபர்ட் நோபிள் குழு 1950-களில் எலிகளில் சோதித்தது. சர்க்கரை குறையவில்லை. ஊசி போட்ட எலிகள் தொற்று வந்து செத்தன. ஏன் என்று பார்த்தால் ரத்த வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன. வெள்ளை அணுக்களைக் குறைக்கும் பொருள் ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படுமே என்று தொடர்ந்ததில் வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்து கிடைத்தது. செத்த எலிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு செடிக்குப் போயிருந்தால் அந்த மருந்து அவர்கள் கையில் அன்றைக்கு அகப்பட்டிருக்காது.

இனி படிப்புக்கு வருவோம். என் முதல் தேர்வு பி.பார்ம். என்னும் மருந்தியல் பட்டம். நான்கு ஆண்டுப் படிப்பு. தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கை நடக்கிறது. மூலிகை மருந்தியல், மருந்து வேதியியல், கருவிவழிப் பகுப்பாய்வு மூன்றும் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. ஆராய்ச்சி கைகூடாவிட்டாலும் பட்டம் சோறு போடும் என்பதையும் நான் மனத்தில் வைத்துத்தான் சொல்கிறேன். மேலே படிக்க ஜிபேட் என்னும் தேசிய நுழைவுத் தேர்வு எழுதி எம்.பார்ம். சேரலாம், மொஹாலியில் உள்ள நைப்பர் என்னும் மத்திய அரசின் மருந்தியல் கல்வி நிறுவனத்தில் இயற்கைப் பொருள்களுக்கென்றே முதுநிலைப் பிரிவு இருக்கிறது.

நீட் தகுதி இருப்பதால் பி.எஸ்.எம்.எஸ். என்னும் சித்த மருத்துவப் பட்டமும் அவளுக்குத் திறந்திருக்கிறது. பாளையங்கோட்டையிலும் சென்னை அரும்பாக்கத்திலும் அரசுக் கல்லூரிகள் உள்ளன. பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டு ஆகும். நோயாளிகளைப் பார்க்க விருப்பம் இருந்தால் மட்டும் இதை எடுக்கச் சொல்லுங்கள். பிறகு சித்த மருந்துப் பொருள்களைப் பற்றிய குணபாடம் பிரிவில் எம்.டி. படித்து, மருந்துச் சோதனைப் பக்கம் வர முடியும். நூலில் சொன்ன குடிநீர் (கஷாயம்) செய்முறையையும் ஆய்வகக் கருவியையும் ஒருசேர அறிந்தவர்கள் குறைவு. அப்படி ஒருவராக வந்தால் மதிப்பு அதிகம். பி.எஸ்சி. தாவரவியல் மட்டும் படித்துவிட்டு இந்தத் துறைக்கு வர முயல்பவர்கள் திணறுவதைப் பார்க்கிறேன். அறிவியல் பட்டம்தான் என்றால் பி.எஸ்சி. வேதியியல் எடுத்து, எம்.எஸ்சி.யில் பகுப்பாய்வு வேதியியல் பக்கம் போகட்டும்.

எந்தக் கல்லூரி என்பதை விளம்பரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நேரில் போய், சாற்றில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாரும் காட்டுவார்கள். அதன் பக்கத்தில் இருக்க வேண்டிய பயன்பாட்டுப் பதிவேட்டையும் கேளுங்கள். யார், எந்தத் தேதியில், எந்த மாதிரியை ஓட்டினார்கள் என்று அதில் எழுதியிருக்கும். கடைசிப் பதிவு போன வருடத்தோடு நின்றிருந்தால் அது காட்சிப்பொருள். மாணவர்களின் கையெழுத்தே இல்லாவிட்டாலும் யோசியுங்கள்.

வேலை எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். சித்த, ஆயுர்வேத மருந்து தயாரிக்கும் நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு, தமிழக அரசின் மூலிகை மருந்து நிறுவனமான டாம்ப்கால், அரும்பாக்கத்தில் உள்ள சித்த மத்திய ஆராய்ச்சி நிலையம், தனியார் பரிசோதனைக் கூடங்கள், கொச்சியைச் சுற்றியுள்ள மிளகு, மஞ்சள், இஞ்சிச் சாறு எடுக்கும் ஏற்றுமதி நிறுவனங்கள் என்று தேடலாம். மூலிகை மருந்தில் ஈயம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு), ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். மருந்தின் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியும் அதற்குள் இருக்கிறது என்று ஒருவர் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துதான் வேலை. தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது; கருவி கைவசமானதும் வேறு நிறுவனத்துக்கு மாறும்போது ஏறும். எம்.எஸ்சி., எம்.பார்ம். முடித்தவர் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் உதவித்தொகைக்குத் தகுதி பெற்று முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் வரும். இது 2023-இல் உயர்த்தப்பட்ட தொகை.

இரண்டு இடங்களில் மட்டும் பணத்தைக் கொட்டிவிடாதீர்கள். "ஆறு மாதத்தில் மூலிகை விஞ்ஞானி" என்கிற சான்றிதழ் வகுப்புகள் ஒன்று. மாணவருக்குப் பதிலாகச் சாறு எடுத்து, சோதனை செய்து, ஆய்வேட்டையும் கட்டித் தரும் புராஜெக்ட் கடைகள் இன்னொன்று. நேர்முகத் தேர்வில் "கருவி தந்த இந்த வரைபடத்தில் இரண்டாவது முகடு எந்தப் பொருளினுடையது?" என்ற ஒரு கேள்வியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

பி.பார்ம்.முக்கும் சித்த மருத்துவத்துக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கலந்தாய்வு. முன்னதை மருத்துவக் கல்வித் துறையும் பின்னதை இந்திய மருத்துவம், ஓமியோபதித் துறையும் நடத்துகின்றன. ஒன்றில் போட்டால் மற்றதிலும் சேர்ந்துவிடும் என்று நினைத்துத் தேதியைத் தவறவிடுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வருகிறார்கள். இரண்டுக்குமே விண்ணப்பியுங்கள். சாதிச் சான்றிதழும் இருப்பிடச் சான்றிதழும் பழையதாக இருந்தால் இந்த வாரமே இ-சேவை மையத்துக்குப் போய் வந்துவிடுங்கள். எந்த இடம் கிடைக்கிறது என்று தெரிந்ததும், கல்லூரிப் பட்டியலோடு மறுபடி எழுதுங்கள்.