கம்மிங் வீட்டுப் பத்திரமும் மகளின் வரலாற்றுப் படிப்பும்

அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங்கில் வசிக்கும் ஒரு தம்பதியின் கேள்வி இது. மகள் பதினோராம் வகுப்பு முடிக்கப்போகிறாள். கணக்கில் கெட்டி. போன வருடம் பள்ளியில், செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் பழைய தலைநகரான நியூ எக்கோட்டாவுக்கு அழைத்துப்போனார்கள். போய்வந்த நாளிலிருந்து, செரோக்கி மக்களை இந்த மண்ணை விட்டுத் துரத்திய வரலாற்றைத்தான் படிப்பேன், அதில்தான் ஆராய்ச்சி செய்வேன் என்கிறாள். வீட்டிலோ ஜார்ஜியா டெக்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று எப்போதோ முடிவாகிவிட்டது. கோவையிலிருந்து பெரியப்பா அடிக்கடி அழைத்து, "சரித்திரம் படிக்கவா அவ்வளவு தூரம் போனீங்க?" என்கிறாராம். அப்பா எழுதியதில் ஒரு வரி: "ராத்திரி உட்கார்ந்து 1835ஆம் வருடக் கணக்கெடுப்பில் இருக்கும் பெயர்களை எக்செலில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். இது எங்கே சோறு போடும்?"

உங்கள் பயம் நியாயமானது. வரலாறு படித்துவிட்டுத் தொடர்பில்லாத வேலையில் உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் திட்டத்தை நான் ஆதரிக்கப்போவதில்லை. கணக்கு வருகிறது என்பதால் கணினியில் நாட்டம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அவள் தானாக ஒரு நிரல் எழுதிப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. 190 வருடத்துக்கு முந்தைய பெயர்ப் பட்டியலை யாரும் சொல்லாமலே உட்கார்ந்து ஒழுங்குபடுத்துகிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புகாராக எழுதிய அந்த வரிதான் எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான தகவல்.

அந்தக் கணக்கெடுப்பு என்னவென்று கொஞ்சம் பாருங்கள். ஜார்ஜியா, வட கரோலினா, டென்னசி, அலபாமா நான்கிலும் இருந்த செரோக்கி மக்களைக் குடும்பத் தலைவர் பெயரின் கீழ் எண்ணினார்கள். மொத்தம் 16,542 பேர். ஜார்ஜியாவில் மட்டும் 8,946. அவர்களிடம் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் 1,592 பேர். எத்தனை ஏக்கர் உழுதார்கள், வீட்டில் எத்தனை பேருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும், எத்தனை பேருக்குச் செரோக்கி படிக்கத் தெரியும் என்பது வரை அதில் இருக்கிறது. அதே டிசம்பரில் ஒரு சிறு குழு, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் சம்மதமில்லாமல், நியூ எக்கோட்டாவில் ஒப்பந்தம் போட்டு மிசிசிப்பிக்குக் கிழக்கே இருந்த நிலம் முழுவதையும் 50 லட்சம் டாலருக்கு எழுதிக்கொடுத்தது. முதன்மைத் தலைவர் ஜான் ராஸ் பல்லாயிரம் பேரின் எதிர்ப்பு மனுவோடு வாஷிங்டனில் போராடினார். செனட்டில் தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் கிடைத்து ஒப்பந்தம் நிறைவேறியது. 1838 மே மாதம் ஜெனரல் வின்ஃபீல்ட் ஸ்காட்டின் படை வீடு வீடாகப் போய் ஆட்களைப் பிடித்து முகாம்களில் அடைத்தது. முகாமிலும், மேற்கே இன்றைய ஓக்லஹோமாவுக்கு விரட்டப்பட்ட வழியிலும் இறந்தவர்கள் சுமார் 4,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அதைவிடக் கூடுதல் என்று கணக்கிடும் ஆய்வாளர்களும் உண்டு. ஏன் இன்னும் மதிப்பீடாகவே இருக்கிறது? பட்டியல்களை ஒன்றோடொன்று பொருத்தும் வேலை முடியவில்லை. உங்கள் மகள் எக்செலில் தொட்டிருப்பது அந்த வேலையின் ஒரு நுனி.

இதற்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தால், உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். கம்மிங் பக்கத்துப் பத்திரங்களில் "லேண்ட் லாட்" எண், "டிஸ்ட்ரிக்ட்" எண், "செக்‌ஷன்" எண் என்று ஒரு வரி வரும். செரோக்கி மக்கள் இன்னும் தங்கள் வீடுகளில் குடியிருந்தபோதே, 1832இல் ஜார்ஜியா மாநிலம் அவர்கள் நிலத்தை நான்கு செக்‌ஷன்களாகவும் 93 டிஸ்ட்ரிக்ட்களாகவும் அளந்து, வெள்ளையருக்குக் குலுக்கல் போட்டுக் கொடுத்தது. சாதாரண நிலம் என்றால் 160 ஏக்கர், தங்கம் கிடைக்கலாம் என்று நினைத்த இடம் என்றால் 40 ஏக்கர். கம்மிங் இருக்கும் ஃபோர்சைத் கவுண்டியே அந்த வருடம் உருவானதுதான். நீங்கள் கடன் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் பத்திரத்தில் உள்ள எண் அந்தக் குலுக்கலிலிருந்து வருகிறது. பதினாறு வயதில் ஒரு பெண் இதைப் பார்த்துவிட்டுத் தூங்காமல் இருந்தால் அதைக் கிறுக்கு என்று நான் சொல்லமாட்டேன்.

சரி, வேலை. பேராசிரியர் ஆவது, பள்ளி ஆசிரியர் ஆவது பற்றி நான் எழுதப்போவதில்லை, அதை எல்லோரும் சொல்வார்கள். "வரலாறு என்றால் அப்புறம் சட்டமாவது படிக்கட்டும்" என்று ஒரு மாமா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இருபத்திரண்டு வயதில் அவளுக்கே தோன்றினால் படிக்கட்டும். இன்றைக்கு உறவினர் வாயை அடைப்பதற்காக மூன்று வருடச் சட்டக் கல்லூரிக் கடனை இப்போதே அவள் தலையில் எழுதாதீர்கள்.

நம் வீடுகளில் யாரும் பேசாத ஒரு தொழில் இருக்கிறது: ஆவணக் காப்பாளர். ஆங்கிலத்தில் ஆர்க்கிவிஸ்ட் என்பார்கள். பழைய காகிதத்தைத் தூசி தட்டி அடுக்கும் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பெட்டி வருகிறது. அதில் என்ன இருக்கிறது, யார் எழுதியது, எந்த அலுவலகத்திலிருந்து வந்தது, எந்த வரிசை கலையாமல் இருக்க வேண்டும், எதை யாருக்குக் காட்டலாம் என்பதை முடிவு செய்து, பின்னால் வரும் ஆராய்ச்சியாளர் தேடி எடுக்கும்படி விவரப் பட்டியல் எழுதுவது அந்த வேலை. செரோக்கி வெளியேற்றத்தைப் பொறுத்தவரை அந்தப் பெட்டிகள் நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. அரசுப் பதிவுகளில் பெரும்பகுதி வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் 75ஆம் பதிவுத் தொகுதியில். மிஷனரிகளின் கடிதங்கள் ஹார்வர்டின் ஹவுட்டன் நூலகத்தில். செரோக்கி மண்ணில் மொரேவியன் என்ற கிறிஸ்தவ சபை நடத்திய ஸ்பிரிங்பிளேஸ் மிஷனின் நாட்குறிப்புகள் ஜெர்மன் மொழியில், அந்தச் சபையின் காப்பகத்தில். ஜான் ராஸின் தாள்கள் டல்சாவில், கில்கிரீஸ் அருங்காட்சியகத்தில். 1836இல் மதிப்பீட்டாளர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் குடில், சோளக் குதிர், வேலி, பீச் மரம், ஆப்பிள் மரம் என்று எண்ணி விலை எழுதினார்கள். இழந்த பொருள்களுக்குப் பின்னால் கொடுத்த இழப்பீட்டு மனுக்களில் சட்டி, கலப்பை, கோழி வரை வரும். ஒரே ஆளின் பெயரை ஒவ்வொரு குமாஸ்தாவும் காதில் விழுந்தபடி எழுதியிருப்பான். 1835 பட்டியலில் இருப்பவரும், மதிப்பீட்டில் இருப்பவரும், 1851இல் மேற்கே எடுத்த ட்ரென்னன் பட்டியலில் இருப்பவரும் ஒருவரேதானா என்று கண்டுபிடிக்க மொழி வேண்டும், கையெழுத்துப் பழக்கம் வேண்டும், கணக்கறிவும் வேண்டும். கணக்கு வீணாகிறது என்று நீங்கள் வருத்தப்படத் தேவையில்லை.

இதெல்லாம் செத்துப்போன விஷயமா என்றால், இல்லை. செரோக்கிகளிடம் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்தோருக்குச் செரோக்கி நேஷன் என்ற பழங்குடி அரசில் குடியுரிமை உண்டு என்று 2017இல் ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, அமெரிக்க அரசோடு அவர்கள் செய்த 1866 ஒப்பந்தத்தின் வாசகத்தை வைத்து. அமெரிக்கக் கீழவையில் தங்களுக்கு ஒரு பிரதிநிதி வேண்டும் என்று செரோக்கி நேஷன் இன்று கேட்பது, அநியாயமாகப் போடப்பட்ட அதே நியூ எக்கோட்டா ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவைக் காட்டி. தாள் பத்திரமாக இருந்ததால்தான் வழக்கும் கோரிக்கையும் நிற்கின்றன.

வேலை எங்கே கிடைக்கும்? பல்கலைக்கழகங்களின் சிறப்புத் தொகுப்புகள், மாநில, நகரக் காப்பகங்கள், பழங்குடி அரசுகளின் காப்பகங்கள், மருத்துவமனைகள், பெரிய நிறுவனங்கள். அட்லாண்டாவில் கோகோ கோலாவே சொந்தக் காப்பகம் வைத்திருக்கிறது. ஃபெடரல் பணத்தில் சாலையோ பாலமோ போடுமுன் அங்கே வரலாற்றுச் சின்னம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று 1966 முதல் சட்டம் இருக்கிறது. பழங்குடி அரசுகளோடும் கலந்து பேச வேண்டும் என்பது 1992 திருத்தத்தில் சேர்ந்தது. அந்த ஆய்வைச் செய்யும் தனியார் நிறுவனங்களும் வரலாறு படித்தவர்களை எடுக்கின்றன. ஆனால் சம்பளம் மென்பொருள் துறையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஃபெடரல் வேலைகளை மட்டும் நம்ப வேண்டாம், 2025இல் அங்கே ஆள் எடுப்பு எப்படி நின்றது என்று பார்த்தோம். ஜார்ஜியா மாநிலக் காப்பகமே 2012இல் மூடப்படும் நிலைக்குப் போய்த்தான் தப்பியது. இதையெல்லாம் அவளிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

படிப்புக்கு வழி இது. இளங்கலை வரலாறு, நம் மாநிலத்து ஏதென்ஸ் நகரில் உள்ள ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில். அமெரிக்கப் பழங்குடி ஆய்வுகளுக்கு அங்கே தனி நிலையம் இருக்கிறது. புவியியல் வரைபட மென்பொருளில் இரண்டு பாடம் எடுக்கட்டும், 1832 அளவை வரைபடங்களை இன்றைய நிலத்தின் மேல் பொருத்திப் பார்க்க அது போதும். அதற்காகக் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரட்டைப் பட்டம் தேவையில்லை, அது மொழி கற்கும் நேரத்தைத் தின்றுவிடும். செக்குவோயா உருவாக்கிய செரோக்கி எழுத்தில் 85 குறிகள், ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஓர் அசை. உயிர்மெய் படித்த வீட்டுப் பெண்ணுக்கு எழுத்து சீக்கிரம் பிடிபடும். மொழிதான் வருடக்கணக்கில் உழைப்பு கேட்கும். செரோக்கி நேஷன் இணையத்தில் வகுப்பு நடத்துகிறது. அப்புறம் முதுகலை. அட்லாண்டாவுக்குத் தெற்கே மாரோவில் மாநிலக் காப்பகமும் தேசியக் காப்பகத்தின் அட்லாண்டா கிளையும் அடுத்தடுத்து இருக்கின்றன. அருகிலேயே கிளேட்டன் ஸ்டேட் பல்கலைக்கழகம் ஆவணக் காப்பியலில் முதுகலையை இணையவழி நடத்துகிறது. வேலை பார்த்துக்கொண்டே முடிக்கலாம்.

பணத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மதிப்பெண் இருந்தால் ஹோப், ஜெல் மில்லர் உதவித்தொகைகள் ஜார்ஜியா அரசுக் கல்லூரிகளின் கல்விக் கட்டணத்தை ஏற்கின்றன. விடுதி, சாப்பாடு உங்கள் பொறுப்பு. வரலாறுதான் என்றாகிவிட்டது, பெயராவது பெரிதாக இருக்கட்டும் என்று வருடம் 80,000 டாலருக்கு மேல் வாங்கும் தனியார் பல்கலைக்கழகத்துக்குக் கடன் வாங்கி அனுப்பாதீர்கள். முனைவர் பட்டம் என்றால் கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் எழுத்தில் கொடுத்தால் மட்டும். சொந்தக் காசில் ஒரு நாளும் வேண்டாம்.

மகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும். இரக்கம் மட்டும் இந்த வேலைக்குப் போதாது. இது வாழ்ந்துகொண்டிருக்கும் மக்களின் வரலாறு. ஓக்லஹோமாவில் செரோக்கி நேஷனும் யுனைடெட் கீட்டூவா பேண்டும், வட கரோலினாவில் ஈஸ்டர்ன் பேண்டும் என்று மூன்று செரோக்கி அரசுகள் இருக்கின்றன. அவர்கள் மக்களிடையே ஆய்வு செய்ய அனுமதி வாங்கும் முறை இருக்கிறது. வைத்தியர்களின் குறிப்பேடுகள் போன்றவற்றை வெளியாருக்குக் காட்ட அவர்கள் விரும்பாமல் இருக்கலாம். மறுத்தால் மறுத்ததுதான், அதை மதிக்கத் தெரியாதவளுக்கு இந்தத் துறை வேண்டாம்.

இந்தக் கோடையில் அவளைச் சோதித்துப் பாருங்கள், பெரியப்பாவுக்குப் பதில் அதற்குப் பிறகு. தேசியக் காப்பகம் "சிட்டிசன் ஆர்க்கிவிஸ்ட்" என்று ஒரு திட்டம் நடத்துகிறது, வீட்டிலிருந்தே பழைய கையெழுத்துப் பக்கங்களைப் படித்துத் தட்டச்சு செய்யலாம். பதினான்கு வயதானால் ஆராய்ச்சியாளர் அட்டையும் வாங்கலாம். ஒரு மாதம் தட்டச்சு செய்யட்டும், சில நாள் நீங்களே மாரோவுக்குக் கூட்டிப்போங்கள். அலுத்துப்போய் வந்தால் வேறு வழி பேசலாம். அலுக்கவில்லை என்றால், ஏதென்ஸுக்கான முன்கூட்டிய விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வழக்கமாக அக்டோபர் 15. அதில் முதன்மைப் பாடம் என்ற கட்டத்தை அவள் நிரப்பட்டும், நீங்கள் நிரப்பாதீர்கள்.

உங்கள் மகள் அங்கேயே பிறந்தவள் என்பதால் இவ்வளவு உறுதியாக எழுதுகிறேன். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களுக்கு ஹோப் கிடைக்காது, இருபத்தொரு வயதில் சார்பு விசா முடிந்துவிடும், மாணவர் விசாவுக்கு மாறினாலும் வரலாற்றுப் பட்டத்துக்குப் பிந்தைய வேலை அனுமதி ஒரு வருடம்தான். முதலில் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுப் பிறகு கேளுங்கள்.