கரையோர வீட்டுக்கு எது முதலில் வரும்? கேள்வி பதில்

ராமநாதபுரம் கரையில் வீடு கட்டுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். பருவநிலை மாற்றத்தால் வீட்டுக்கு என்ன ஆகும் என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

பாம்பன் வாசகர்: ஐயா, முப்பது ஆண்டுகளில் எங்கள் வீடு கடலுக்குள் போய்விடும் என்கிறார்கள். விற்றுவிடலாமா?

அந்தப் பேச்சுக்காக விற்காதீர்கள். 2006 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஆண்டுக்கு 3.7 மி.மீ. உயர்ந்ததாக, ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை சொல்கிறது. வேகம் கூடிவருகிறது என்பது உண்மைதான். ஆனால் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது மெல்ல ஏறிய கடல் அல்ல, ஒரே இரவில் வந்த புயல் அலை. அப்படி ஓர் அலை இனி வந்தால், உயர்ந்துவிட்ட மட்டத்திலிருந்து கிளம்பும். கரையிலிருந்து எத்தனை அடி தூரம் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, வீட்டுத் தரை கடல்மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்று சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள்.

கீழக்கரை வாசகர்: வாப்பாவின் பாட்டனார் பவளக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய வீடு அசையாமல் நிற்கிறது. நான் கட்டிய மாடியில் பதினைந்தே ஆண்டில் காரை உதிர்ந்து கம்பி தெரிகிறது. ஏன்?

பழைய வீட்டில் துருப்பிடிக்கக் கம்பியே இல்லை! உங்கள் மாடியில் இருக்கிறது. காற்றிலும் நிலத்திலும் உள்ள உப்பு கான்கிரீட்டுக்குள் மெல்ல ஊறிக் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருவேறிப் பருத்து, மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. வெயில் கூடக் கூட இந்த வேலை வேகமாக நடக்கும். நம் கரையில் வீட்டுக்கு முதலில் வரும் ஆபத்து இதுதான் என்பேன். பத்திரிகைகளுக்கு இது செய்தியாகத் தோன்றாது.

உதிர்ந்த இடத்தில் சிமென்ட் பூசி மறைக்காதீர்கள். தளர்ந்ததைக் கொத்தி எடுத்து, துருவைத் தேய்த்து, மெலிந்த கம்பிக்குத் துணைக் கம்பி சேர்த்த பிறகே பூச வேண்டும். புதிதாகக் கட்டுவோர் கவனிக்க: கடலோரத்துக்கு எம்30 என்ற வலிமைத் தரக் கான்கிரீட்டும், கம்பியை மூட 45 மி.மீ. கனத்துக்குக் கான்கிரீட்டும் வேண்டும் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. கம்பிக்கு அடியில் 20 மி.மீ. கவர் பிளாக்கை (இடைவெளிக் கட்டையை) வைத்துவிட்டுப் போகும் கொத்தனாரை நிறுத்திக் கேளுங்கள். கலவைக்கான தண்ணீரில் குளோரைடு (கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் உப்புக்கூறு) லிட்டருக்கு 500 மி.கிராமைத் தாண்டக் கூடாது. உவர்க் கிணற்று நீர் கலவைக்கு ஆகாது. நல்ல தண்ணீரை லாரியில் வாங்கும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சிமடம் வாசகர்: மணல் பூமிதானே, 2024 நவம்பர் மழை ஏன் வடியவில்லை?

அந்த 20ஆம் தேதி ராமேஸ்வரத்தில் மட்டும் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. நிலத்தடி நீர் ஏறிவிட்டால் மணலும் குடிக்காது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். ஆகவே இத்தகைய மழை இனி முன்பு போல அரிதாக இருக்காது. கடல்மட்டம் உயர்ந்தால் கால்வாய் வழியே வடிவதும் தாமதமாகும். போதாக்குறைக்கு, பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டு வீடுகளைப் பள்ளமாக்குகிறார்கள். ஊராட்சியில் எழுத்து மூலம் ஆட்சேபியுங்கள்.

தூத்துக்குடியில் வேலை பார்க்கும் சாயல்குடிக்காரர்: அங்கே உப்பளத்தை நிரவிய மனை மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. தாழ்வான நிலம் என்பதால்தான் அங்கே உப்புப் பாத்தி கட்டினார்கள். 2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்ததை நினைவில் வையுங்கள்.

மண்டபம் வாசகி: எங்கள் தோப்பைக் கடல் அரிக்கிறது. கருங்கல் சுவர் போட்டால் நிற்குமா?

உங்கள் இடத்தில் நிற்கலாம், அம்மா. அரிப்பு பக்கத்து வீட்டுக்குப் போகும். மன்னார் வளைகுடாவில் அலையின் வேகத்தை உடைப்பவை பவளப்பாறைகளும் தீவுகளும்தான். 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே மூழ்கிவிட்டன. அதற்குக் காரணம் நாம் வெட்டியெடுத்த பவளக்கல். மிஞ்சிய பவளங்களை 2010, 2016 ஆண்டுகளின் கடல் வெப்பம் வெளிறச் செய்தது. சுவருக்குக் கல் இறக்குவதற்கு முன்பு கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி தேவையா என்று கலெக்டர் அலுவலகத்தில் கேளுங்கள்.

தொண்டி வாசகர்: காப்பீடு எடுத்தால் புயலுக்குப் பணம் கிடைக்குமா?

2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் புயலும் வெள்ளமும் அடங்கும். மனையின் விலையைச் சேர்க்காமல், வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவுக்கு எடுங்கள். துருவேறிய கம்பிக்கு அதில் பணம் வராது.