வாசகர் கேள்வி – பதில்: எட்டு போட்டுவிட்டால் போதுமா?

கேள்வி: மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். டியூஷன் போக என் ஸ்கூட்டரைக் கேட்கிறான். 16 வயதானால் கியர் இல்லாத வண்டி ஓட்டலாம் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? – வாசகி, திருச்சி

பதில்: கொடுக்காதீர்கள். அவர்கள் சொல்வதில் பாதிதான் சரி. 16 வயது நிரம்பியவர், பெற்றோர் எழுத்தில் சம்மதம் கொடுத்தால், 50 சி.சி.க்கு மிகாத கியரில்லாத வண்டிக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுக்கலாம். உங்கள் ஸ்கூட்டர் அநேகமாக 110 அல்லது 125 சி.சி. இருக்கும், ஆர்.சி.யில் பாருங்கள். சின்ன வண்டி என்று பலரும் நினைக்கும் எக்ஸ்.எல். 100கூட ஏறக்குறைய 100 சி.சி.தான். இவற்றுக்கு 18 வயது நிரம்ப வேண்டும்.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை எல்.எல்.ஆர். கிடையாது. "எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான்" என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையதே.

இந்த இரண்டு வருடத்தை வீணாக்க வேண்டாம். அவனைப் பின்னால் உட்காரவைத்து நீங்கள் ஓட்டும்போது, சாலையில் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லச் சொல்லுங்கள். "அந்த ஆட்டோ ஆள் ஏற்ற ஓரம் கட்டும்", "நிற்கிற காரின் கதவு திறக்கலாம்", "பஸ்ஸுக்கு முன்னாலிருந்து யாராவது குறுக்கே வரலாம்". கையில் ஹேண்டில்பார் வருவதற்கு முன்பே கண் பழகிவிட வேண்டும். ஓட்டக் கற்பதில் கடினமான பாதி இதுதான்.

கேள்வி: எல்.எல்.ஆர். எடுத்து ஒரு மாதம் முடிந்தது. டெஸ்ட்டில் எட்டு போடும்போது மட்டும் கால் ஊன்றிவிடுகிறேன். என்ன செய்வது? – கல்லூரி மாணவர், சேலம்

பதில்: முன்சக்கரத்தைப் பார்த்து ஓட்டுகிறீர்கள் என்று தோன்றுகிறது. கண் போகும் பக்கம்தான் வண்டி போகும். வளைவில் நுழையும் முன்பே தலையைத் திருப்பி, வெளியே வரும் இடத்தைப் பாருங்கள். அடுத்தது, பயத்தில் ஆக்ஸிலேட்டரை மூடிவிடுவது. வேகம் செத்ததும் வண்டி சாயும், கால் தானாக இறங்கும். பைக் என்றால் முதல் கியரில் ஒரே அளவு ஆக்ஸிலேட்டர் கொடுத்து, கிளட்சைப் பாதியில் பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடியே சுற்றுங்கள். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடாதீர்கள். எல்.எல்.ஆருக்கு ஆறு மாதம் செல்லுபடி இருக்கிறது, அவசரம் வேண்டாம்.

ஆனால் எட்டு போடுவது மெதுவாகப் போகும்போது சமநிலை தவறாமல் இருக்கிறீர்களா என்பதை மட்டுமே சோதிக்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் நாய் குறுக்கே வந்தால் உங்களால் நிறுத்த முடியுமா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. லைசென்ஸ் வந்த பிறகும், கீழே உள்ள பயிற்சியைச் செய்துவிட்டு நெடுஞ்சாலைக்குப் போங்கள்.

கேள்வி: "முன் பிரேக் பிடித்தால் தூக்கி அடிக்கும், பின் பிரேக்கையே போடு" என்று அப்பா சொல்லிக்கொடுத்தார். நண்பர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். எது சரி? – வாசகர், தூத்துக்குடி

பதில்: பல வீடுகளில் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அறிவுரை தவறு. பிரேக் போட்டதும் வண்டியின் எடை முன்னால் சாயும். முன் டயர் தரையில் அழுந்தும், பின் டயர் லேசாகும். அழுந்திய டயருக்குத்தான் பிடிப்பு அதிகம். காய்ந்த தார்ச்சாலையில் நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்கிலிருந்தே வருகிறது. பின் பிரேக்கை மட்டும் ஓங்கி மிதித்தால், லேசாகிப்போன பின் சக்கரம் லாக் ஆகிப் பக்கவாட்டில் வழுக்கும்.

கணக்கையும் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போக ஒரு வினாடி என்று வைத்தாலும், பிரேக் பிடிக்கும் முன்பே 17 மீட்டர் போய்விடும். இரண்டு பிரேக்கையும் சரியாகப் போட்டால் இன்னும் 23 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக் மட்டும் என்றால் அந்த 23 மீட்டர், 40 மீட்டர் அளவுக்கு நீளும். 40 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு பிரேக்குக்கும் 10 மீட்டர் போதும். வேகம் ஒன்றரை மடங்கானால் பிரேக் தூரம் இரண்டே கால் மடங்காகிறது.

தூக்கி அடிப்பது ஏன்? எடை முன்னால் வந்து சேரும் முன்பே லீவரைச் சடாரென்று முழுதாகப் பிடிப்பதாலும், ஹேண்டில் திரும்பியிருக்கும்போதோ மணலிலோ பிடிப்பதாலும்தான். ஹேண்டில் நேராக இருக்கட்டும். ஆக்ஸிலேட்டரை மூடி, முன் லீவரை முதலில் மெல்லத் தொட்டு, முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் குழாய்கள்) அமுங்குவது தெரிந்ததும் படிப்படியாக இறுக்குங்கள். பின் பிரேக் கூடவே லேசாக. முன் சக்கரம் லாக் ஆகி வழுக்கினால் உடனே விட்டு மறுபடி பிடியுங்கள்.

காலி மைதானத்தில், மண் இல்லாத தரையில் ஒரு கோடு போட்டு 20 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்குங்கள். கோட்டைத் தொட்டதும் பிரேக். எத்தனை அடியில் நிற்கிறது என்று கல் வைத்துப் பாருங்கள். கை பழகியதும் 30, பிறகு 40. 2019 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் 125 சி.சி.க்கு மேல் ஏ.பி.எஸ். (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) இருக்கும், ஓங்கிப் பிடிக்கும்போது லீவர் துடிக்கும், பயந்து விட்டுவிடாதீர்கள். அதற்குக் கீழே உள்ளவற்றில் பெரும்பாலும் சி.பி.எஸ். (பின் பிரேக்கோடு முன் பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கும் அமைப்பு)தான். ஸ்கூட்டரில் இடது லீவரைப் பிடித்தால் முன் பிரேக்கும் ஓரளவு பிடிக்கும், அவ்வளவே. முன் பிரேக்கைப் பிடிக்கும் வலது கையையும் பழக்க வேண்டும்.

முதல் மழையில் இந்தக் கணக்கெல்லாம் மாறும். மாதக்கணக்கில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து மேலே வரும். ஜீப்ரா கோடு, மேன்ஹோல் மூடி இரண்டிலும் பிரேக் போடாமல் நேராகக் கடந்துவிடுங்கள்.

கேள்வி: சிக்னலில் பஸ்ஸுக்கு இடப்பக்கம் புகுந்து முன்னால் போய் நிற்பது ஆபத்தா? எல்லோரும் அப்படித்தானே போகிறார்கள்? – வாசகி, மதுரை

பதில்: மிக ஆபத்து. ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். இடது முன்சக்கரத்தை ஒட்டி நிற்கும் ஸ்கூட்டர் அவர் கண்ணில் படாமல் போகலாம். பஸ் இடதுபுறம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்திலேயே போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். நீளமான ட்ரெய்லர் லாரி இடதுபுறம் திரும்ப, முதலில் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கும். அப்போது இடப்பக்கம் இடம் கிடைத்த மாதிரி தெரியும். அதில் நுழைபவர்தான் நசுங்குகிறார். லாரியின் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கு நீங்களும் தெரியவில்லை. பின்னாலேயே நில்லுங்கள்.

கேள்வி: மகள் டிரைவிங் ஸ்கூலில் கற்று கார் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். தனியாக எடுக்கப் பயப்படுகிறாள். மறுபடி சேர்க்கலாமா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சேர்த்துவிடுங்கள். சொந்தக் காருக்கான பயிற்சியில் ஒருவர் குறைந்தது 10 மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. தினம் அரை மணி, அதிலும் ஒரே காரில் மூன்று பேர் என்றால் எங்கிருந்து வரும் 10 மணி? பணம் கட்டும் முன்பு, "ஸ்டியரிங்கில் உட்காரும் நேரம் எவ்வளவு, இரவில் ஓட்ட விடுவீர்களா, நெடுஞ்சாலைக்குப் போவீர்களா" என்று கேளுங்கள். இன்னொன்று முக்கியம். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும். அவர் காலே வேலை செய்துகொண்டிருந்தால் கற்பவருக்குத் தெரியாது. கடைசி நாட்களில் சொல்லிக்கொடுப்பவரை இரண்டு காலையும் பின்னால் இழுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வீட்டுக் காரில் முதல் வேலை கண்ணாடி. தலையை வலது ஜன்னலோரம் சாய்த்து, காரின் பக்கவாட்டு மயிரிழையாகத் தெரியும் வரை வலது கண்ணாடியை வெளியே திருப்பட்டும். இடது கண்ணாடிக்குத் தலையைக் காரின் நடுவுக்குக் கொண்டுவந்து அதேபோல் செய்ய வேண்டும். காலுக்கடியில் தண்ணீர் பாட்டில் உருளக் கூடாது; அது பிரேக் பெடலுக்குப் பின்னால் போனால் பெடல் இறங்காது. இறங்கும்போது வலப்பக்கக் கதவை இடது கையால் திறக்கச் சொல்லுங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் பைக் கண்ணில் படும்.