மே மாதம் இரண்டு குடும்பமாக ஆற்றுக்குப் போக

காரைக்குடியிலிருந்து மே மாதம் இரண்டு குடும்பமாகக் கிளம்புகிறோம், கல்லணையா குற்றாலமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம். கல்லணைக்குத் தண்ணீர் வர வேண்டிய மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பதே ஜூன் 12-ல்தான். குற்றாலச் சீசனும் ஜூனில்தான் தொடங்கும். நம் பக்கத்து ஆறுகள் கோடையில் வெறும் மணல்.

பாபநாசம் போங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசம் இல்லை, திருநெல்வேலி மாவட்டத்தில் இருப்பது. தாமிரபரணி வற்றாத ஆறு. பாபநாசநாதர் கோயிலுக்கு எதிரிலேயே குளிக்கலாம். தங்க அம்பாசமுத்திரம் வசதி.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் கவனம். ஊருணியில் குளித்துப் பழகியவர்களுக்கு ஆற்றின் இழுப்பு தெரியாது. தண்ணீருக்குள் இருக்கும் பாறையில் பாசி பிடித்திருக்கும், கால் வைத்ததும் வழுக்கும். மேலே அணை இருப்பதால் தண்ணீர் திறந்தால் மட்டம் ஏறிவிடும். அதனால் பெரியவர்களில் ஒருவர் முறை வைத்து, போனைத் தொடாமல், கரையிலேயே நிற்கட்டும்.

அப்புறம் செலவு. கூட வரும் குடும்பத்தில் ஆறு பேர், நீங்கள் மூன்று பேர் என்று தயங்க வேண்டாம். அறை வாடகை அவரவருடையது. சாப்பாட்டுக்குத் தலைக்கு இவ்வளவு, சின்னப் பிள்ளைகளுக்குப் பாதி என்று கிளம்பும் முன்பே பேசி, பணத்தை ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.