படுத்த படுக்கையாக இருப்பவருக்கு மெத்தை நனையாமல் தலைக்கு ஊற்றுவது எப்படி?

கேள்வி: என் மாமியாருக்கு 76 வயது. பக்கவாதம் வந்து நான்கு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். வலது கை, கால் அசைவில்லை. பேச்சு குழறுகிறது, நாம் சொல்வது நன்றாகப் புரிகிறது. உடம்பை தினமும் ஈரத்துணியால் துடைத்துவிடுகிறேன். தலைக்கு ஊற்றித்தான் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பின்னந்தலை முழுக்கச் சிக்கு. இடது கையால் சொறிந்துகொண்டே இருக்கிறார். வீட்டில் நானும் கணவரும் மட்டும்தான். பாத்ரூமுக்குத் தூக்கிப் போக முடியாது. படுக்கையிலேயே தலை அலச வழி உண்டா? “சளி பிடித்துக்கொள்ளும், பேசாமல் மொட்டை அடித்துவிடு” என்கிறார்கள் சொந்தக்காரர்கள். – ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாக அலசலாம். இரண்டு பேர் இருக்கிறீர்கள், அதுவே போதும்.

முதலில் அந்த மொட்டை விஷயம். உங்கள் மாமியாருக்குப் பேச்சுதான் குழறுகிறது, புரிதல் இருக்கிறது. அப்படியிருக்க, அவர் தலைமுடியைப் பற்றி அவரைத் தவிர எல்லோரும் முடிவு செய்வது சரியில்லை. கேளுங்கள். தலையசைக்கட்டும். தோள் அளவுக்குக் கத்தரித்துக்கொள்ளச் சம்மதித்தால் உங்களுக்கும் வேலை பாதியாகும். வேண்டாம் என்றால் நீளமாகவே இருக்கட்டும், சமாளிக்கலாம். சளி பற்றிய பயத்தையும் விடுங்கள். சளி கிருமியால் வருவது, தலையில் ஊற்றும் தண்ணீரால் அல்ல. ஈரத்தலையோடு ஃபேன் காற்றில் விட்டால் வயதானவர்களுக்கு உடம்பு சில்லிட்டுப் போகும். கவனிக்க வேண்டியது அதைத்தான்.

சிக்கெடுக்கும் வேலையை முந்தின நாளே முடித்துவிடுங்கள். சிக்கோடு தண்ணீரை ஊற்றினால் முடி இன்னும் இறுகிச் சடையாகிவிடும். தேங்காய் எண்ணெயைச் சிக்கின் மேல் நன்றாகத் தடவி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு விரலால் பிரித்து, பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வாருங்கள். வேர்ப்பக்கம் முடியை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் இழுவை தலைக்குப் போகாது, வலிக்காது. ஒரே நாளில் எல்லாம் வந்துவிட வேண்டும் என்றில்லை. எதற்கும் பிரியாத சடை ஒன்றிரண்டு இருந்தால், அவரிடம் சொல்லிவிட்டு அதை மட்டும் வெட்டுங்கள்.

இனி அலசும் நாள். தண்ணீர் ஊற்றுவது பெரிய விஷயமில்லை. ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அதற்கு ஒரு வாய்க்கால் கட்ட வேண்டும். இரண்டு மீட்டர் நீளத்துக்குத் தடிமனான பிளாஸ்டிக் ஷீட்டோ மருந்துக்கடை ரப்பர் ஷீட்டோ போதும். பெரிய துண்டுகள் இரண்டை நீளவாக்கில் இறுக்கிச் சுருட்டி, ஷீட்டின் இரண்டு பக்க ஓரங்களிலும் வைத்து, ஓரத்தை அவற்றின் மேல் உள்பக்கமாகச் சுற்றுங்கள். கழுத்துக்கு அடியில் வரும் ஓரத்திலும் சின்னத் துண்டு ஒன்றை இதேபோல் சுருட்டி வையுங்கள். இப்போது மூன்று பக்கம் வரப்பு, ஒரு பக்கம் திறப்பு. திறந்த நுனி கட்டிலின் விளிம்பைத் தாண்டித் தொங்கி, கீழே இருக்கும் காலி பக்கெட்டுக்குள் இறங்க வேண்டும். பக்கெட்டுக்கு அடியில் பழைய போர்வை ஒன்றை விரித்துவிடுங்கள். ஈரத்தரையில் வழுக்கி விழுந்து நீங்களும் படுத்துவிடக் கூடாது. அவரைப் படுக்க வைப்பதற்கு முன் ஒரு மக் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும்.

கட்டிலுக்குத் தலைமாட்டுப் பலகை இருந்தால் அவரைக் குறுக்குவாட்டில் நகர்த்தித் தலையைப் பக்க விளிம்புக்குக் கொண்டு வாருங்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலை வாடகைக்கு எடுத்திருந்தால் தலைமாட்டுப் பலகை பெரும்பாலும் மேல்நோக்கி இழுத்தால் கழன்று வந்துவிடும், நேராகவே செய்யலாம். நகர்த்தும்போது அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள், வலது கையைப் பிடித்து இழுக்கவே இழுக்காதீர்கள். வாதம் வந்த பக்கத்துத் தோள்மூட்டு தளர்ந்திருக்கும், எளிதில் நழுவிவிடும். அடியில் விரித்திருக்கும் போர்வையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, போர்வையோடு சேர்த்து நகர்த்துங்கள். அலசி முடிக்கும்வரை உங்கள் கணவர் விளிம்புப் பக்கம் நின்று அவர் உடம்பைப் பிடித்துக்கொள்ளட்டும். காற்று மெத்தை போட்டிருந்தால் மோட்டார் பிளக்கைக் கழற்றிவிட்டு, முடிந்ததும் மறக்காமல் மாட்டுங்கள்.

இந்த வேலையில் நான் அதிகம் பயப்படுவது கழுத்துக்குத்தான். தலை விளிம்புக்கு வெளியே தொங்கவே கூடாது. தோளுக்கும் கழுத்துக்கும் அடியில் மடித்த துண்டு இருக்க வேண்டும்; தலை லேசாகப் பின்னால் சாய்ந்தால் போதும். அழகு நிலையத் தொட்டியில் கழுத்தைப் பின்னால் மடக்கித் தலை அலசிய ஐந்து பெண்களுக்கு மூளை ரத்த ஓட்டம் பாதிக்கப்பட்டதை, வெயின்ட்ராப் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 1993-ல் பதிவு செய்திருக்கிறார். அபூர்வம்தான். ஆனாலும் ஏற்கெனவே ஒரு பக்கவாதம் கண்டவரின் கழுத்தில் நாம் விளையாடக் கூடாது. தலைசுற்றல், வாந்தி வருவதுபோல் இருந்தால் இடது கையைத் தூக்கிக் காட்டும்படி முன்பே சொல்லி வையுங்கள். கை தூக்கினால் நுரையோடு இருந்தாலும் சரி, நிறுத்திவிட்டுத் தலையை உயர்த்துங்கள்.

சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும். வயிறு நிறைந்திருக்கும்போது மட்டமாகப் படுக்க வைத்தால் சாப்பாடு மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் போகலாம். காலை 11 மணி வாக்கில் வைத்துக்கொண்டால் வெயிலும் இருக்கும். ஃபேனை அணைத்துவிடுங்கள்.

வெந்நீர் 37 முதல் 40 டிகிரிக்குள், உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே. முழங்கையை விட்டுப் பார்த்தால் ‘இதமாக’ இருக்க வேண்டும், ‘சுடுகிறதோ’ என்ற சந்தேகமே வரக் கூடாது. வாதம் வந்த பக்கத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம் என்பதால் முதல் தண்ணீரை இடது பக்கம் ஊற்றி, சூடு சரியா என்று அவரையே கேளுங்கள். பத்து லிட்டர் பக்கெட் ஒன்று போதும். மக்கால் ஊற்றினால் முகத்துக்கு வழியும். அதைவிட, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் மூடியில் ஆணியால் ஏழெட்டு ஓட்டை போட்டு, பாட்டிலை அழுத்தி அழுத்தி ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் நாம் சொன்ன இடத்துக்குப் போகும்.

காதுகளில் பஞ்சை லேசாக வையுங்கள், உள்ளே திணிக்க வேண்டாம். கண் மேல் சின்னத் துண்டு. ஷாம்பூவை அப்படியே தலையில் ஊற்றாமல் இரண்டு டீஸ்பூன் எடுத்து அரை மக் தண்ணீரில் கரைத்துக்கொண்டால் அலசுவது சுலபம். சீயக்காய்த்தூள்தான் பழக்கம் என்பீர்கள். படுத்திருப்பவருக்கு அது வேண்டாம். கண்ணில் பட்டால் எரியும், திப்பி முடியிலேயே தங்கி மறுபடி அரிக்கும். நகம் படாமல் விரல் நுனியால் தேயுங்கள். பின்னந்தலைக்குப் போகும்போது தலையை உள்ளங்கையில் தாங்கி, மெதுவாகப் பக்கவாட்டில் திருப்புங்கள். வழியும் தண்ணீரில் நுரை நின்றதும் முடித்துக்கொள்ளலாம். ஏற்பாடு அரை மணி நேரம், அலசுவது பத்தே நிமிடம் என்று இருந்தால் அவருக்குக் களைப்பு தெரியாது.

ஷீட்டை உருவிவிட்டுக் காய்ந்த துண்டில் தலையைப் பொதிந்து ஒற்றி எடுங்கள். காதுப் பஞ்சை எடுக்க மறக்காதீர்கள். ஹேர் டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில், தள்ளிப் பிடித்து, உங்கள் கையையும் காற்றில் வைத்துக்கொண்டு காட்டலாம். சாம்பிராணி போடும் ஆசை வரும். ஆஸ்துமா, இழுப்பு இருந்தால் புகை ஆகாது. அறையில் ஆக்சிஜன் ஓடினால் தணலே உள்ளே வரக் கூடாது, தீப்பிடிக்கும்.

முடி ஈரமாக இருக்கும்போதே வகிடு பிரித்துப் பின்னந்தலையையும் காது மடல்களையும் பாருங்கள். எப்போதும் தலையணையில் அழுந்தும் இடங்கள் அவை; படுக்கைப் புண் அங்கேயும் வரும். மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தாலோ, அழுத்தினாலும் நிறம் மாறாத திட்டு இருந்தாலோ அந்த இடத்தில் பாரம் படாமல் வைத்து நர்ஸிடமோ டாக்டரிடமோ காட்டுங்கள். ஓயாமல் சொறிவதற்குப் பேனும் காரணமாக இருக்கலாம். ஈர் தென்பட்டால் 1 சதவீத பெர்மெத்ரின் லோஷனை, தலை அலசித் துவட்டிய பின் தடவி, பத்து நிமிடம் கழித்து அலச வேண்டும். தப்பிய ஈர்கள் பொரிக்கும் என்பதால் 7 முதல் 10 நாளுக்குள் இன்னொரு முறை. தலையணை உறையை வெந்நீரில் துவையுங்கள். உங்கள் தலையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்!

உலர்ந்த பிறகு கொண்டை போடாதீர்கள், அது தலைக்கடியில் கல் மாதிரி அழுத்தும். தளர்வாக ஒற்றைப் பின்னல் போட்டு, தோளுக்கு முன்னால் எடுத்து விடுங்கள். சிக்கும் விழாது.

வாரம் ஒருமுறை இப்படிச் செய்தால் போதும். முடியாத வாரத்தில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டால் வேர் வரை துடைக்கலாம். அலசத் தேவையில்லாத ஷாம்பூ தொப்பிகளும் கிடைக்கின்றன. அவசரத்துக்கு நல்லது, ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தலைக்கு அது பத்தாது. காய்ச்சல், மூச்சுத்திணறல் இருக்கும் நாளில் தள்ளிப்போடுங்கள். மூக்கில் உணவுக் குழாயோ தொண்டையில் துளையோ போட்டிருப்பவர்கள், தலையில் தையல் உள்ளவர்கள், கழுத்தெலும்பு அடிபட்டவர்களுக்கு இதை மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

முதல் தடவை தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்க நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் உண்டு. அவர்கள் வரும் நாளில் ஷீட்டையும் துண்டுகளையும் எடுத்து வைத்து, உங்கள் மாமியாரை எப்படி நகர்த்துவது, கழுத்தை எப்படித் தாங்குவது என்று செய்துகாட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.