பைலான் ரேஸிங், அதாவது கம்பங்களைச் சுற்றிப் பறக்கும் பந்தயம், என்பது ரிமோட் விமானத்தை இடப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி ஓட்டுவதுதானே, அதில் அப்படி என்ன திறமை இருக்கிறது?

வீடியோவில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். நான்கு புள்ளிகள் திரையின் குறுக்கே போகும், வரும். காதைக் கிழிக்கும் சத்தம். ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். யார் ஜெயித்தார்கள் என்பதுகூடப் புரியாது. கேள்வி கேட்டவரைக் குறை சொல்ல முடியாது.

நான் அமெரிக்காவில் இண்டியானாவில் வேலை பார்க்கிறேன். மாடல் விமானக்காரர்களின் தேசியச் சங்கமான ஏ.எம்.ஏ.வின் தலைமையகமும் அதன் பெரிய மைதானமும் இங்கே மன்சி என்ற ஊரில் இருக்கின்றன. கோடையில் நடக்கும் தேசியப் போட்டியை வேடிக்கை பார்க்கப் போனவனை, ஆள் போதவில்லை என்று சுற்று எண்ண உட்கார வைத்துவிட்டார்கள். அப்புறம் சின்ன வகுப்பு ஒன்றில், அதாவது சின்னப் போட்டிப் பிரிவு ஒன்றில், நானே பறக்க ஆரம்பித்தேன். கோப்பை எதுவும் வாங்கியதில்லை. ஆனால் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்: இந்தப் பந்தயம் நடப்பது முழுக்க ஒரே ஒரு கம்பத்தில். மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன். உலக அளவிலான வகுப்புக்கு எஃப்3டி என்று பெயர். எஃப்.ஏ.ஐ. என்ற சர்வதேச வான்விளையாட்டு அமைப்பின் விதிப்படி நடப்பது. தரையில் மூன்று கம்பங்கள், நீண்டு ஒடுங்கிய முக்கோணமாக. 2ஆம் கம்பத்துக்கும் 3ஆம் கம்பத்துக்கும் இடையே 40 மீட்டர். அங்கிருந்து தூரத்துக் கோடியில் இருக்கும் 1ஆம் கம்பத்துக்கு 180 மீட்டர். ஆக ஒரு சுற்று 400 மீட்டர், பத்துச் சுற்றுக்கு 4 கிலோமீட்டர். நல்ல விமானிகள் இதை ஒரு நிமிடத்துக்குள் முடிக்கிறார்கள். கணக்குப் போட்டால் சராசரியே மணிக்கு 240 கிலோமீட்டர் வரும். ஆனால் எந்த விமானமும் கம்பத்தை உரசிக்கொண்டு மூலையில் மடங்க முடியாது, வளைந்துதான் வர வேண்டும். அதனால் உண்மையில் பறக்கும் தூரம் 4 கிலோமீட்டருக்கு மேல், நேர்ப்பாதையில் வேகம் 300ஐத் தொடும், தாண்டும்.

விமானி நிற்பது 2, 3 கம்பங்கள் இருக்கும் பக்கம். கண்ணுக்கு எதிரே நடப்பதால் அந்த இரண்டையும் சமாளித்துவிடலாம். இரண்டையும் சேர்த்து ஒரே வளைவாக வளைத்துவிடுவார்கள். சிக்கல் எதிர்க்கோடியில் இருக்கும் 1ஆம் கம்பத்தில். ஒன்றரை மீட்டர் அகல இறக்கை அந்தத் தூரத்தில் வானத்து முழு நிலா அளவுக்குத்தான் தெரியும். அதுவும் வேகமாக விலகிப் போகிற நிலா. விமானம் கம்பத்தைத் தாண்டிவிட்டதா, இன்னும் இருபது மீட்டர் இருக்கிறதா என்பதை நேர் பின்னாலிருந்து பார்க்கிற கண்ணால் சொல்லவே முடியாது. வேண்டுமானால் நீண்ட சாலையில் தூரத்தில் போகும் பைக் எந்த விளக்குக் கம்பத்தைத் தாண்டுகிறது என்று பின்னாலிருந்து சொல்லிப் பாருங்கள்.

கம்பத்தைத் தாண்டுவதற்கு முன்பே திரும்பிவிட்டால் அது 'கட்'. எஃப்3டியில் ஒரு கட்டுக்கு உங்கள் நேரத்தோடு பத்து சதவீதம் சேர்த்துவிடுவார்கள். 60 வினாடியில் முடித்தவருக்கு அது 66 ஆகிவிடும். இரண்டாவது கட் விழுந்தால் அந்த ஓட்டமே போயிற்று, 200 என்று எழுதிவிடுவார்கள். மொத்தக் கூட்டுத்தொகை குறைவாக இருப்பவரே ஜெயிப்பார் என்பதால் ஒரு 200 வந்தால் போட்டியே கைவிட்டுப் போன மாதிரி.

சரி, பயந்துகொண்டு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பினால்? அதற்கும் விலை உண்டு. விநாடிக்கு 80 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் கூடுதலாகப் போனால் திரும்பி வர இன்னொரு 10, மொத்தம் 20 மீட்டர், அதாவது கால் விநாடி. பத்துச் சுற்றில் இரண்டரை விநாடி. முன்னணி விமானிகளுக்கு இடையே வித்தியாசம் பல நேரம் அதைவிடக் குறைவு. எனக்கு இந்தப் பந்தயத்தில் பிடித்த கணக்கே இதுதான். ஒரு கட் வாங்கினால் ஆறு விநாடி. பத்துச் சுற்றும் பத்து மீட்டர் விலகிப் போனால் இரண்டரை. ஒருவர் எவ்வளவு ரிஸ்க் எடுக்கிறார் என்பதை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் முடிவு செய்கிறார். முதல் ஓட்டத்தில் கட் வாங்கியவர் அடுத்த ஓட்டத்தில் எப்படிப் பறக்கிறார் என்று பாருங்கள், ஆளின் சுபாவமே தெரிந்துவிடும்.

இங்கேதான் காலர் வருகிறார். வீடியோவில் விமானியின் தோளோடு தோளாக ஒருவர் நிற்பாரே, அவர்தான். விமானத்தைப் பிடித்து நிற்பது, கொடி விழுந்ததும் விடுவது, பிறகு விமானியின் காதருகே நின்று 'டர்ன்' என்று கத்துவது எல்லாம் அவர் வேலை. விமானி தன் விமானத்தை மட்டும் பார்க்கிறார். மற்ற விமானங்கள் எங்கே, யார் உள்ளே நுழைகிறார்கள், யார் மேலே இருக்கிறார்கள், நமக்கு எத்தனையாவது சுற்று என்பதெல்லாம் காலரின் தலையில். கூடவே அந்த ஒரு சொல்.

அந்தச் சொல்லை எப்போது சொல்வது? விமானம் கம்பத்தைத் தாண்டும்போது சொன்னால் எல்லாம் முடிந்தது. காலர் பார்த்து, முடிவெடுத்து, வாய் திறக்க கால் விநாடி. விமானி கேட்டு, கட்டைவிரலை அசைக்க இன்னொரு கால் விநாடி. அரை விநாடியில் விமானம் 40 மீட்டர் போயிருக்கும். ஆகவே அந்த 40 மீட்டரை முன்கூட்டியே கழித்துக்கொண்டு, விமானம் இன்னும் கம்பத்துக்கு வராதபோதே 'டர்ன்' சொல்ல வேண்டும். காற்று 1ஆம் கம்பத்தை நோக்கி வீசினால் இன்னும் கொஞ்சம் முன்னாடி, எதிர்த்து வீசினால் கொஞ்சம் தாமதமாக. விநாடிக்கு 10 மீட்டர் காற்று என்றால் அந்த அரை விநாடிக்குள் 5 மீட்டர் மாறிவிடும். கம்பத்தில் நடுவர் உட்கார்ந்து, விமானம் தாண்டியதும் விளக்குப் போட்டுக் காட்டுகிற ஏற்பாடும் உண்டு. ஆனால் அந்த விளக்கைப் பார்த்துத் திரும்புகிறவர் எப்போதும் ஒரு கால் விநாடி தாமதம்தான். அந்த விளக்கு, போன சுற்றில் சரியாகத்தான் வந்தோமா என்று தெரிந்துகொள்ளத்தான் பயன்படும்.

காலர் தாமதமாகச் சொல்கிறாரோ என்று ஒரு விமானிக்குச் சந்தேகம் வந்துவிட்டால், அவர் சொல்வதற்கு முன்பே விரல் அசையத் தொடங்கும். அடுத்த சுற்றில் கட். அதனால்தான் நல்ல ஜோடிகள் வருடக்கணக்கில் மாறுவதில்லை. புருஷன் பெண்டாட்டி, அப்பா மகன் என்று நிறையப் பேரைப் பார்க்கலாம். பந்தயம் முடிந்து கூடாரத்துக்குத் திரும்பும் வழியில் அவர்களுக்குள் நடக்கும் பேச்சைக் கேட்டால் விமானத்தைவிடச் சுவாரசியமாக இருக்கும்.

இனி அந்தத் திருப்பம். விமானத்தை இடப்பக்கம் செங்குத்தாகச் சாய்த்து, மூக்கைத் தூக்குகிற வால்பகுதி மடலான எலிவேட்டரை இழுக்க வேண்டும், அவ்வளவுதான் செய்கை. 25 மீட்டர் ஆரத்தில் அந்த வேகத்தில் வளைத்தால் 26 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 26 மடங்கு விசை, வருகிறது. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் எடையுள்ள விமானத்தின் இறக்கை அந்த ஒரு விநாடிக்கு 50 கிலோவுக்கு மேல் தாங்குகிறது, அதையும் ஒரு நிமிடத்தில் இருபது தடவை. கார்பன் ஃபைபர் இல்லாமல் இது நடக்காது. இன்னும் இறுக்கி வளைத்தால் பாதை குறையும் என்று தோன்றும். ஆனால் அதே வேகத்தில் ஜி இரண்டு மடங்கானால் அதனால் பிறக்கும் இழுவிசை நான்கு மடங்கு ஆகிவிடும். வளைவைவிட்டு வெளியே வரும்போது வேகம் செத்துப்போயிருக்கும், அடுத்த 180 மீட்டர் முழுக்க அதை மீட்பதிலேயே போகும். அதனால் சிலர் ஸ்டிக்கைக் கடைசிவரை இழுத்தாலும் எலிவேட்டர் எத்தனை மில்லிமீட்டர்தான் மேலே வர வேண்டும் என்று டிரான்ஸ்மிட்டரில் முன்பே அளந்து வைத்துவிடுகிறார்கள். பந்தயத்தின் நடுவே விரலுக்கு யோசிக்க நேரம் கிடையாது.

எஞ்சின் கதையைத் தனியாக எழுதலாம், இங்கே சுருக்கமாக. எஃப்3டியில் 6.6 சி.சி. டூ ஸ்ட்ரோக், சக்தியைக் கூட்டுகிற டியூன்டு பைப் என்ற புகைக்குழாயோடு. எரிபொருள் 80 பங்கு மெத்தனால், 20 பங்கு எண்ணெய். அந்த எண்ணெய் நெடுங்காலம் நம் விளக்கெண்ணெய்தான்! மைதானத்தில் நுழைந்தாலே அந்த வாசனை மூக்கைத் துளைக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 30,000 சுற்றை நெருங்கும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் கிடையாது. கிளப்பினால் முழு வேகம், பத்துச் சுற்று முடிந்ததும் எரிபொருளை அடைத்து அணைத்துவிட்டு, எஞ்சின் இல்லாமல் மிதந்து வந்து இறக்க வேண்டும். எரிபொருளின் அளவை வைக்கும் திருகான நீடில் வால்வைத் தரையில் திருகும்போதே வானத்தில் நடக்கப்போவதைக் கணக்கில் எடுக்க வேண்டும். பறக்கும்போது புரொப்பெல்லரின் சுமை குறைந்து சுற்று ஏறும், கலவையில் எரிபொருள் போதாமல் போகும். அதனால் தரையில் சற்றே கூடுதலாக விட்டு வைக்கிறார்கள். ஒரு கிளிக் அதிகமானால் மந்தம், ஒரு கிளிக் குறைந்தால் மூன்றாவது சுற்றில் பிளக் போய்விடும். கிளப்புவதற்கு ஒரு நிமிடம்தான், அதற்குள் கிளம்பாவிட்டால் நின்று வேடிக்கை பார்க்கலாம்.

இந்த விளையாட்டின் வேர் பெரிய விமானங்களில் இருக்கிறது. கிளீவ்லாந்தில் நடந்த தேசிய விமானப் பந்தயங்களில் 1947இல் குட்இயர் கோப்பை என்று குட்டி விமானங்களுக்குத் தனிப் போட்டி வந்தது. 190 கன அங்குல எஞ்சின்தான் உச்சவரம்பு. 1949இல் அதே பந்தயக் களத்தில் பறந்த பில் ஓடம் என்ற விமானியின் பெரிய விமானம் ஒரு வீட்டின்மேல் விழுந்து, அவரோடு ஓர் இளம் தாயும் குழந்தையும் இறந்தார்கள். கிளீவ்லாந்துப் பந்தயம் அத்தோடு நின்றது. அந்தக் குட்இயர் விமானங்களைச் சின்னதாகச் செய்து ரேடியோவில் ஓட்டியதுதான் 1960களில் மாடல் பைலான் ரேஸிங்காக வளர்ந்தது. ஆனால் நிஜ விமானத்தை அப்படியே சிறிதாக்கிய அழகான ஸ்கேல் விமானத்தை மாதக்கணக்கில் கட்டி, ஒரே மோதலில் இழக்க எல்லோருக்கும் மனம் வருமா? 1970களில் கலிஃபோர்னியாவின் கிளென் ஸ்பிக்லர் குவிக்கி 500 என்று ஒன்றைக் கொண்டு வந்தார். 500 சதுர அங்குல இறக்கை, நேர்கோட்டுப் பலகை மாதிரி, பெட்டி உடல். அழகு சுத்தமாகக் கிடையாது, ஆனால் சீக்கிரம் கட்டலாம், உடைந்தால் அழ வேண்டியதில்லை. என் கருத்தில் இந்த விளையாட்டைக் காப்பாற்றியது அந்த அழகில்லாத விமானம்தான்.

மோதல் பற்றிச் சொன்னேன். அமெரிக்க வகுப்புகளில் ஒரே நேரத்தில் நான்கு விமானங்கள், எஃப்3டியில் மூன்று. எல்லாமே ஒரே கம்பத்தை ஒரே பக்கமாகச் சுற்றுகின்றன. இரண்டு மோதினால் சத்தம்கூடப் பிறகுதான் வந்து சேரும். முதலில் கண்ணுக்குத் தெரிவது வானத்தில் சிதறும் துண்டுகள். பந்தயப் பாதைக்குள் நிற்பவர்கள் தலைக்கவசம் போடுவது சடங்குக்காக இல்லை. நான் சுற்று எண்ணிக்கொண்டிருந்த ஒரு நாள் அப்படி மோதிய ஒரு விமானத்தின் வால்பகுதி எங்களுக்குச் சில அடி தள்ளி விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் அதைப் பார்த்தார், தன் அட்டையில் அந்த விமானத்துக்கு எதிரே ஒரு கோடு போட்டார், மிச்ச விமானங்களை எண்ணத் தொடங்கிவிட்டார்.

இப்போது மின்மோட்டார் வகுப்புகளும் வந்துவிட்டன. எஃப்.ஏ.ஐ.யில் எஃப்3இ, அமெரிக்காவில் ஈ.எஃப்.1. நீடில் தலைவலி இல்லை, விளக்கெண்ணெயும் இல்லை. வேகம் குறைவென்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1ஆம் கம்பம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

சேர ஆசை இருந்தால் நேராக எஃப்3டி விமானம் வாங்காதீர்கள். கற்றுக்கொள்வோருக்கான டிரெய்னர் விமானத்தில் பழகி, பிறகு தாழ்வான இறக்கை வைத்த ஸ்போர்ட் விமானம் ஒன்றில், மைதானத்தில் இரண்டு அடையாளங்களை மனதில் வைத்து இடப்பக்கமாக மட்டும் சுற்றிப் பாருங்கள். உயரம் மாறாமல் பத்துச் சுற்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராது, முதல் சில வாரங்களுக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் ஏறும் அல்லது இறங்கும். எஞ்சினை அணைத்துவிட்டு இறக்குவதையும் சேர்த்துப் பழகுங்கள். அதற்குப் பிறகு எந்த எஞ்சின் போடலாம் என்பதற்கு வரம்பு வைத்த ஸ்போர்ட் குவிக்கி போன்ற வகுப்பு சரியாக இருக்கும். அதற்கும் முன்னால், பக்கத்தில் எங்கே பந்தயம் நடந்தாலும் போய்ச் சுற்று எண்ணித் தருகிறேன் என்று கேளுங்கள். எந்தப் போட்டியிலும் அதற்கு ஆள் பற்றாக்குறைதான், வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தொப்பி, தண்ணீர், காதடைப்பான் மூன்றையும் கொண்டு போங்கள்.